துணி நனைந்தால் நனையட்டும்

மெல்போர்னுக்கு வந்த முதல் வருஷம், நவம்பரில் ஒரு சாயங்காலம். பகலெல்லாம் வடக்கிலிருந்து அனல் காற்று. ஐந்து மணி வாக்கில் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பின்பக்கக் கொடியில் இரண்டு பக்கெட் துணி கிடந்தது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த நேரத்தில் கால் தானாக ஓடும். நானும் ஓடினேன். காற்று முகத்தில் அறைய அறைய, கிளிப்பைப் பிடுங்கி, எல்லாவற்றையும் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். ஒரு துணிகூட நனையவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்தது.

சின்ன வயதில் கரூரில் எனக்கு வீசிங் உண்டு. மார்கழி வந்தால் இழுக்கும். அம்மா தூதுவளை ரசம் வைப்பார். ரொம்ப முடியாவிட்டால் டாக்டரிடம் போய் நெபுலைசர் வைத்துக்கொண்டு வருவோம். ஏழாம் வகுப்போடு அது நின்றுபோனது. 'ஆஸ்துமா' என்று மட்டும் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண் இல்லையா!

அதனால் இங்கே அக்டோபரில் தும்மலும் கண் அரிப்பும் வந்தபோது ஜலதோஷம் என்றே நினைத்தேன். அப்புறம் விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் வென்டோலின் என்ற நீல இன்ஹேலரை டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம். நம் ஊர் ஆஸ்தாலினில் இருக்கிற அதே சால்புட்டமால்தான். ஒன்று வாங்கினேன். ஐந்து வாரத்தில் இரண்டாவதுக்குப் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், வாரத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறீர்கள் என்று கேட்டார். எப்போதாவது என்றேன். "ஒன்றில் 200 பஃப் இருக்குமே" என்றார். பழையது தொலைந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன். டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். போகவில்லை.

அன்றைக்கு ராத்திரி அந்த இன்ஹேலர் கேட்கவில்லை. இங்கே ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் இலவசம் கிடையாது. எங்கள் காப்பீட்டில் அது உண்டா இல்லையா என்று என் வீட்டுக்காரர் போனில் பாலிசியைத் திறந்து தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் காரில் போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார். அதுவே தப்பு என்று பிறகு தெரிந்தது. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாத நிலை என்றால் 000 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும், பணக்கணக்கு அப்புறம். அங்கே ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பஃப் மேல் பஃப் கொடுத்து, ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்து, இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம்.

அந்த டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "புயல் வரும்போது வெளியே இருந்தீர்களா?" துணிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் ரைகிராஸ் என்ற புல். மெல்போர்னுக்கு வடக்கிலும் மேற்கிலும் மேய்ச்சல் நிலமெல்லாம் அதுதான். நாங்கள் இருக்கும் டார்னீட்டில் வீட்டுமனை முடிகிற இடத்தில் புல்வெளி ஆரம்பிக்கிறது. அதன் மகரந்தத் துகள் முழுசாக இருக்கும்வரை பெரிசு. மூக்கோடு நின்றுவிடும், தும்மலோடு போய்விடும். இடிமழை வரும்போது ஈரத்தில் ஊறி வெடித்து நூற்றுக்கணக்கான பொடித் துணுக்காகிறது. அது நேரே நுரையீரலுக்குள் இறங்கும். மழைக்கு முன்னால் வீசும் அந்தக் குளிர்ந்த காற்று, நமக்கெல்லாம் அவ்வளவு பிடித்த காற்று, அதுதான் அதைத் தரையோடு அடித்துக்கொண்டு வருகிறது. 2016 நவம்பர் 21 சாயங்காலம் இப்படி ஒரு புயலில் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு ஆஸ்துமா இருப்பதே அதற்கு முன் தெரியாது. இந்திய, ஆசிய வம்சாவளியினர் அதில் அளவுக்கு மீறி இருந்தார்கள் என்றார்.

அடுத்து ஊதுகிற பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப், வாயில் குழாய். நர்ஸ் ஒரு பெரிய அம்மா. "ஊது, ஊது, இன்னும் ஊது, நிறுத்தாதே" என்று அவர் போட்ட சத்தத்தில் முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்து கெட்டுப்போனது. இரண்டாவது இருமலில் போனது. காற்றெல்லாம் தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் நாலு பஃப் வென்டோலின், கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அதே கூத்து. மருந்துக்குப் பின் ஊதியது நன்றாகவே கூடியிருந்தது. ஆஸ்துமா, சந்தேகமில்லை என்றார் டாக்டர். முப்பத்துநாலு வயதில் அந்த வார்த்தையை முதல்முறையாக என் பேருக்கு நேரே பார்த்தேன்.

நீலம் அப்போதைக்கு மூச்சுக்குழாயை விரித்துவிடும்; உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. அதற்குத் தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். எங்கள் விசாவுக்கு மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, ஆகவே அரசு மானிய விலையும் கிடையாது. முழு விலை கொடுத்துத்தான் வாங்குகிறேன். பில்லைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஊரில் அம்மாவுக்கோ வேறு கவலை, இன்ஹேலர் பழகினால் விட முடியாதாமே என்று. ரசத்தில் உப்பு எப்படிப் பழகியதோ அப்படித்தான் என்றேன். எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும். அதை நான் ஒரு தடவை பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

டாக்டர் ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார். நன்றாக இருந்தால் என்ன, இழுக்க ஆரம்பித்தால் என்ன, முற்றினால் என்ன, ஆபத்து என்றால் என்ன என்று கட்டம் கட்டமாக. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் தமிழில்: நிமிர்ந்து உட்கார வை, ஸ்பேசரில் நாலு பஃப் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு, நாலு நிமிடம் பொறு, கேட்காவிட்டால் இன்னொரு நாலு, அப்பவும் கேட்காவிட்டால் 000. பாலிசியைத் தேடியவர் எழுதியது.

இங்கே வசந்தம் செப்டம்பரில் தொடங்கும். அடுத்த வசந்தத்துக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்தே அந்த ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒரு நாள் விடாமல் எடுத்தேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே இடிமழை ஆஸ்துமாவுக்குத் தனி முன்னறிவிப்பு உண்டு. விக்எமர்ஜென்சி என்ற மாநில அரசின் அவசர எச்சரிக்கைச் செயலியில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். நவம்பரில் ஒரு நாள் சிவப்பு காட்டியது. மத்தியானமே ஜன்னலையெல்லாம் சாத்தினேன். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற ஏசியை அணைத்தேன். ஸ்பேசர் சோபாவில் பக்கத்திலேயே.

காலையில் போட்ட துணியை மட்டும் மறந்துவிட்டேன். காற்று கிளம்பியபோது அம்மா வீடியோ காலில் இருந்தார். எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு வழியாகக் கொடி தெரிந்திருக்கிறது.

"ஏங்கண்ணு, பெட்ஷீட்டெல்லாம் பறக்குது பாரு. போய் எடு."

"இருக்கட்டும்மா."

"மழை வந்துருச்சு கண்ணு!"

வந்துவிட்டதுதான். அம்மா அந்தப் பக்கம் தவித்துக்கொண்டிருந்தார், எனக்கும் உள்ளங்கால் குறுகுறுத்தது. மறுநாள் மொத்தத்தையும் திரும்ப மெஷினில் போட்டேன்.