குடிசைப் பகுதி: சட்டம் எதைச் சொல்கிறது?

சென்னையில் 'குடிசைப் பகுதி' என்றதும் பலருக்கும் ஓலைக் கூரைதான் நினைவுக்கு வரும். சட்டம் கூரையைப் பார்ப்பதில்லை. 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட இடமா என்பதுதான் கேள்வி. தாழ்வான நிலம், நெரிசல், குறுகிய சந்து, காற்றும் வெளிச்சமும் புகாத வீடு, கழிப்பிட வசதி இல்லாமை, இவையெல்லாம் அறிவிப்பதற்கான காரணங்கள். அறிவித்த எல்லைக்குள் தளம் போட்ட வீடும் குடிசைப் பகுதிதான். எல்லைக்கு வெளியே கால்வாய் ஓரம் தார்ப்பாய்க்குள் குடித்தனம் நடத்துபவர் கணக்கில் வரமாட்டார்.

இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடவே, 29-ஆம் பிரிவின்படி உரிய அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். அவருக்குக் கட்டுப்படியாகும் மாற்று இடம் கிடைக்குமா என்பதை அந்த அதிகாரி பார்த்தாக வேண்டும். அறிவிக்கப்படாத இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டங்கள் நேராகப் பாயும். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் இன்னும் வேகம்.

சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் பட்டியல் அப்படியே கிடந்தது, நகரம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பின்னால் உருவான குடியிருப்புகள் வெளியே நிற்பதற்கு இதுதான் காரணம். இது அரசின் பெரிய அலட்சியம் என்றே சொல்வேன்.

புள்ளிவிவரம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சட்டப்படி அறிவித்தவை, அரசு அங்கீகரித்தவை, கணக்கெடுப்பாளர்கள் அடையாளம் கண்டவை என மூன்றாகப் பிரித்தது. மூன்றாம் வகைக்குக் குறைந்தது 300 பேர் அல்லது 60-70 வீடுகள் வேண்டும். பாலத்தடியில் 40 குடும்பங்கள் மட்டும் இருந்தால் அவை விட்டுப்போகும். தேசிய மாதிரி ஆய்வோ 20 வீடுகளிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. ஆக, எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பில்லை.

'சேரி' என்று மாற்றி எழுதுவதும் சரியில்லை. அந்தச் சொல்லோடு சாதியும் கூடவே வருகிறது. குப்பம் என்பது பெரும்பாலும் மீனவர் ஊர். நகரம் அதைச் சூழ்ந்துகொண்டதே தவிர, அவர்கள் வந்தேறிகள் அல்லர்.

உங்கள் பகுதி பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். எம்.ஜி.ஆர். நகர், அண்ணா நகர் என்று ஊருக்குள் பல உண்டு. அரசிதழ் அறிவிப்பில் உள்ள எல்லையை உங்கள் சர்வே எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.