காத்திருப்பதா, கிளம்புவதா: நாய் நோயுற்றபோது முடிவெடுத்த விதம்

நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. அதனோடு பழகியவர்களுக்கு நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இப்போதே வண்டியைக் கிளப்ப வேண்டுமா, விடியும்வரை பார்க்கலாமா என்று தீர்மானிப்பதுதான் ஆளைத் திணறடிக்கும். ஒவ்வொரு வாந்திக்கும் மருத்துவமனைக்கு ஓடினால் நாயும் நாமும் அலைந்து ஓய்ந்துபோவோம். ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருந்தாலோ, சில நோய்கள் அந்த ஓர் இரவிலேயே கைமீறிவிடும். எங்கள் வீட்டு நாய்க்கு வந்த ஒரு நோயின்போது அந்த முடிவை எதை வைத்து எடுத்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அவள் கலப்பினப் பெண் நாய். வேறொரு வீட்டில் வளர்ந்து, நடுவயதைக் கடந்த பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவள், கருத்தடை செய்யப்படாதவள். வந்த புதிதில் பொதுப் பரிசோதனைக்குக் கூட்டிச் சென்றபோது மருத்துவர் ஒரு வேலை கொடுத்தார்: நாய் நலமாக இருக்கும் நாட்களிலேயே அதன் வழக்கமான அளவுகளைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு குறிப்பேட்டில் அவளுடைய எடை, ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர், ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறாள், உடல் வெப்பம் எவ்வளவு என்பவற்றை எழுதத் தொடங்கினேன். நாய்களுக்கு உடல் வெப்பம் மனிதர்களைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. தூங்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். எங்களவளுக்கு அது பெரும்பாலும் 18-ஐ ஒட்டியே இருந்தது. எடை 20 கிலோ. குடிக்கும் தண்ணீர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்.

வெப்பம் பார்ப்பதற்கு மட்டும் சற்றுப் பழக்கம் வேண்டியிருந்தது. நாய்க்கு ஆசனவாய் வழியாகத்தான் சரியான வெப்பம் தெரியும். ஒருவர் தலைப்பக்கம் அமர்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வாலை மெல்லத் தூக்கி, வாஸ்லைன் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை ஓர் அங்குலம் போல உள்ளே செலுத்தி, அது ஒலியெழுப்பும்வரை பிடித்திருக்க வேண்டும். நலமாக இருக்கும்போதே இதற்குப் பழக்கிவிட்டால், நோயுற்ற நாளில் பயந்து முரண்டு பிடிக்காது. மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை, காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்வார்கள்; அதை நம்பி நான் எதையும் முடிவு செய்வதில்லை. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும்.

வாந்தி எடுத்தாலே ஆபத்து என்று கொள்ள வேண்டியதில்லை. அவள் வந்த சில மாதங்களில் ஒருநாள் புல்லைத் தின்றுவிட்டு மஞ்சள் நுரையாகக் கக்கினாள். கக்கியவுடன் வாலாட்டிக்கொண்டு பந்தைத் தேடிப் போனாள். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. தண்ணீர் குடித்தாள், அது உள்ளேயே தங்கியது. சிறுநீர் வழக்கம்போல் போயிற்று. வளர்ந்த நாய், வேறு நோய் எதுவும் இல்லாதது, ஓரிரு முறை கக்கிய பின்னும் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் ஒரு நாள் கவனித்துப் பார்ப்பதில் தவறில்லை. நானும் பார்த்தேன், மறுநாள் சரியாகிவிட்டாள். இதே வாந்தி குட்டிக்கு வந்திருந்தால் அரை நாள்கூடக் காத்திருக்க மாட்டேன். குட்டிகளுக்கு உடலில் நீரும் சர்க்கரையும் வெகு விரைவில் இறங்கிவிடும். தடுப்பூசி முழுமையாகப் போடப்படாத குட்டி வாந்தியோடு இரத்தம் கலந்த பேதியும் போனால் முதலில் ஐயப்பட வேண்டியது குடலைத் தாக்கும் பார்வோ வைரஸைத்தான்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். காலையில் அவள் உணவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனாள். பகலில் ஒருமுறை கக்கினாள். இதுவரை பார்த்தால் புல் தின்ற நாளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கவேயில்லை. நிரப்பி வைத்த சிறிது நேரத்தில் காலி செய்துவிட்டு, காலிக் கிண்ணத்தை நக்கிக்கொண்டு நின்றாள். அதன்பின் ஊற்றும்போதெல்லாம் அளந்து ஊற்றினேன். மாலைக்குள் இரண்டு லிட்டரைத் தாண்டிவிட்டது. ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாய் குடித்தால் அதை நோயின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். 20 கிலோ நாய்க்கு அந்த எல்லை இரண்டு லிட்டர்.

இருட்டத் தொடங்கியபோது அவள் வழக்கமாகப் படுக்கும் இடத்தை விட்டுவிட்டு, குளியலறை வாசலில் குளிர்ந்த தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் காதை மட்டும் அசைத்தாள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். வெளுக்கவில்லை, ஆனால் வழக்கத்தைவிட அழுத்தமான சிவப்பாக இருந்தது. விரல் வைத்தால் வழுக்க வேண்டிய ஈறு ஒட்டியது. விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும், திரும்பியது. உடலில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத் தோள்பட்டைக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டபோது அது மெதுவாகத்தான் இறங்கியது, ஆனாலும் வயதான நாய்களுக்குத் தோல் தளர்ந்திருக்கும் என்பதால் அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கவில்லை. கண்ணயர்ந்த பிறகு விலா ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 34. வெப்பம் 102.4.

அந்த வெப்ப அளவுதான் வீட்டில் விவாதத்தைக் கிளப்பியது. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, ஒரே ஒரு வாந்தி, காலையில் போகலாம் என்பது வீட்டில் மற்றவர்களின் கருத்து. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் அது நியாயமான பேச்சுதான். நான் குறிப்பேட்டை எடுத்து அவளுடைய வழக்கமான அளவுகளுக்குப் பக்கத்தில் அன்றைய அளவுகளை எழுதினேன். தண்ணீர் இருமடங்குக்கு மேல். மூச்சு ஏறக்குறைய இருமடங்கு. பசி அறவே இல்லை. காலையில் நடமாடியவள் மாலையில் எழுந்திருக்க விரும்பவில்லை. எல்லாமே ஒரே திசையில், நேரம் போகப்போக மோசமாகிக்கொண்டிருந்தன. அதே ஏட்டின் முந்தைய பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது: அவள் ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வந்து முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

கருத்தடை செய்யப்படாத பெண் நாய், குறிப்பாக வயது கூடியது, ஹீட் முடிந்த சில வாரங்களிலிருந்து இரண்டு மாதத்துக்குள் சோர்ந்து, உணவை வெறுத்து, தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் பயோமெட்ரா என்னும் கருப்பைச் சீழ் நோயை நினைக்க வேண்டும். கருப்பையில் பெருகும் கிருமிகளின் நச்சு சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனைக் குலைப்பதால் சிறுநீர் அதிகமாகப் போகிறது, தாகமும் அதனால்தான் கூடுகிறது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசியும், படுக்கையில் கறை தெரியும். மூடியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் அதுதான் கூடுதல் ஆபத்து, ஏனெனில் உள்ளே அடைபட்ட சீழால் கருப்பை கிழியவும் கூடும். இந்த நோயில் காய்ச்சல் இருந்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. அவளுக்குக் கசிவு எதுவும் இல்லை. அது எனக்கு ஆறுதல் தரவில்லை.

இரவு நேரத்தில் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். என்னென்ன கேட்டார்கள் என்பதைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும்: வயது, எடை, கருத்தடை ஆனதா, கடைசியாக எப்போது உண்டது, எத்தனை முறை கக்கியது, தண்ணீர் தங்குகிறதா, மலமும் சிறுநீரும் போகிறதா, ஈறின் நிறம் என்ன, நஞ்சு எதையாவது தின்றிருக்க வாய்ப்புண்டா, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா. குறிப்பேட்டைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடிந்தது. உடனே கொண்டுவரச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவு எதுவும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். புறப்படும் முன் அவள் படுத்திருந்த நிலையையும், மூச்சு விடுவதையும், எழுப்பினால் பின்னங்கால் தள்ளாடுவதையும் கைபேசியில் சிறிய காணொளியாக எடுத்துக்கொண்டேன்.

காணொளி உதவியது. மருத்துவமனை வாசலில் இன்னொரு நாயின் குரல் கேட்டதும் அவள் தலையைத் தூக்கி, காதை விறைத்து, எல்லாம் சரியாகிவிட்டதைப் போல நிமிர்ந்து நின்றாள். புது இடத்தின் பரபரப்பில் நாய்கள் இப்படிச் சற்று நேரம் நோயை மறைத்துவிடும். வீட்டில் எப்படி இருந்தாள் என்பதை நான் வாயால் விவரித்திருந்தால் மிகைப்படுத்துவதாகத்தான் தோன்றியிருக்கும். மருத்துவர் காணொளியை இரண்டு முறை பார்த்தார், அளவுகளைப் படித்தார், வயிற்றை இரு கைகளாலும் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். திரையில் கருப்பை கருநிறக் குழாய்களாகத் தடித்துத் தெரிந்தது. மூடிய வகை. இரத்தப் பரிசோதனை செய்து, ட்ரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, உடம்பு சற்று நிலைப்பட்டதும் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார்கள்.

அறுவை முடியக் காத்திருந்த நேரத்தில் மருத்துவரின் உதவியாளரிடம், கேள்விக்கே இடமில்லாமல் கிளம்ப வேண்டிய நிலைமைகள் எவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். என் குறிப்பேடு, எண்ணிக்கை எல்லாம் சிந்திக்க அவகாசம் இருக்கும் நோய்களுக்குத்தான், இவற்றுக்கு உதவாது. வயிறு உப்பிக்கொண்டே வர, கக்க முயன்று எதுவும் வராமல் வெறுமனே ஓங்கரித்துத் தவிக்கும் நாய்க்கு, அதுவும் ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புடைய பெரிய நாயாக இருந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக் கூடும். அங்கே கணக்கு மணிகளில்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, ஒரே நாளில் மீண்டும் வரும் வலிப்பு, வெளுத்த அல்லது நீலம் பாரித்த ஈறு, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சிறுநீர் வராத ஆண் நாய் ஆகியவையும் அப்படியே. வெயிலில் மயங்கிய நாயை மட்டும் முதலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே கொண்டுபோக வேண்டும். குளிர்விக்காமல் அவசரமாக ஏற்றிச் செல்வது பலனைக் குறைக்கும் என்றார்.

நஞ்சு இன்னும் மோசம், ஏனென்றால் அதில் அறிகுறிக்காகக் காத்திருப்பதே தவறு. எலி மருந்தில் ஒரு வகை இரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற நாய் சில நாட்கள் நன்றாகவே இருந்துவிட்டுப் பிறகுதான் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் போன்றவற்றைத் தின்றதைப் பார்த்தால் உறையையும் எடுத்துக்கொண்டு, தின்ற அளவையும் நேரத்தையும் சொல்லி மருத்துவரைக் கேட்க வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்துக் கக்க வைப்பது நாமே இன்னொரு நஞ்சைக் கொடுப்பதற்குச் சமம். வலிக்குமே என்று இரக்கப்பட்டு நம் வீட்டு மாத்திரைப் பெட்டியிலிருந்து பாராசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ கொடுப்பதும் அப்படித்தான். எல்லாரும் அறிந்ததே என்றாலும், இரவு நேரப் பதற்றத்தில் கை முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பின்னும் அதே கேள்வி வேறு உருவில் தொடர்ந்தது. தையலைச் சுற்றி இலேசான வீக்கம் இருக்கும், முதல் ஓரிரு நாட்கள் சோர்ந்திருப்பாள், அதற்காக வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையலிலிருந்து நீர் அல்லது நாற்றம் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, உணவை மீண்டும் மறுத்தாலோ, கக்கினாலோ எந்த நேரமானாலும் வர வேண்டும் என்றார்கள். ஆகவே தையலை நக்காமலிருக்க மாட்டிய கழுத்துக் கோனோடு கதவு நிலைகளில் முட்டிக்கொண்டு திரிந்தவளைத் துரத்திப் பிடித்து, காலையும் மாலையும் ஈறு, மூச்சு, வெப்பம், தண்ணீர், தையல் என்று பார்த்து எழுதினேன். தண்ணீர் அளவு சில நாட்களில் படிப்படியாகக் குறைந்து பழைய ஒரு லிட்டருக்கு வந்தது. தையல் பிரித்த அன்று மருத்துவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தை உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்; அதன் முடிவும் இயல்பாகவே வந்தது.