பட்டாளம் டீக்கடைப் பெஞ்சு

போன மாதம் ஒருவர் எக்ஸெல் வண்டியின் பின்னால் கருப்பு இரும்புப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தார். வேலூர்ப் பக்கம் முன்னாள் ராணுவத்தினருக்குக் குறைவில்லை என்பதால் பெட்டியைப் பார்த்ததுமே ஆளைப் புரிந்துகொண்டேன். மூடியில் வெள்ளை பெயிண்டில் எண், பதவி, பெயர்.

“தம்பி, டீக்கடைக்குப் ‘பட்டாளம்’னு பேர் வெச்சிருக்கேன். எழுத்து இதே மாதிரி வேணும். பெஞ்சுலயும் அடிக்கணும், அதனால அச்சும் வெட்டிக் குடுத்துடு.”

ஸ்டென்சில். தகட்டில் எழுத்தை வெட்டியெடுத்து, அதன்மேல் பெயிண்ட் அடிப்பது. ஆங்கில ‘ஓ’வை முழுசாக வெட்டினால் நடு வட்டம் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள மேலும் கீழும் ஒரு பட்டை விடுவார்கள். பெயிண்ட் படாத அந்த இடம்தான் எழுத்தில் வெட்டு விழுந்த மாதிரி தெரிகிறது.

அவசியத்துக்கு விட்ட இடைவெளி அப்புறம் அழகாகிவிட்டது. ‘ஸ்டென்சில்’ என்ற பெயரிலேயே ஜெர்ரி பவல் 1937-ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக வரைந்த எழுத்துரு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதே ஆண்டு லட்லோ நிறுவனத்துக்காக ஹன்டர் மிடில்டனும் அதே பெயரில் ஒன்று வரைந்தார். பவலுடையதில் பெரிய எழுத்துகள் மட்டும்தான். நல்ல தடிமன், முனைகள் மழுங்கியிருக்கும். ‘ஓ’ இரண்டு பிறைகள் எதிரெதிரே நிற்பது போல இருக்கும். ஜிம் பலகை, டி-ஷர்ட், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். சின்ன அளவில் அச்சடித்தால் மை பரவி இடைவெளி அடைத்துக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகைக்கு இதைக் கேட்டவரும் உண்டு. பேசிப் பேசி மனதை மாற்றினேன்.

சரி, தமிழுக்கு என்ன செய்வது? என்னிடம் இருந்த தடித்த எழுத்துரு ஒன்றை எடுத்து நானே வெட்டினேன். ப, ட, துணைக்கால் மூன்றுக்கும் பட்டையே வேண்டாம், உள்ளே அடைபட்ட இடமே கிடையாது. ஆனாலும் மற்றதோடு ஒத்துப்போகட்டும் என்று ப-வின் நடுவிலும் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தேன். எதையும் பிடிக்காத பட்டை! பொய்க்கால் மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். ள-தான் படுத்தியது. நடுவே பிரித்ததும் வலது பாதி தனியாக நின்று, முன்னால் இருக்கும் துணைக்காலுக்கு இரட்டைப் பிள்ளையாகிவிட்டது. எங்கள் கடைப் பையன் ‘பட்டா’ வரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். வெட்டை இடது சுழியின் அடியில் இறக்கியபிறகுதான் ள, ள-வாக ஆனது. ம-வுக்கு வலப்பக்க வளைவின் உச்சியில் ஒரு பட்டை.

அச்சுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். யாருடைய முழங்காலோ தெரியவில்லை, அதன்மேல் ‘பட்டாளம்’ வெட்டினேன். ட்-இன் புள்ளியைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கவேண்டியிருந்தது. எழுத்தோடு ஒட்டினாற்போல் வெட்டினால் நடுவில் இருக்கும் ஃபிலிம் நூலாகி, இரண்டு தடவை துடைத்ததும் கிழிந்துவிடும்.

முதல் பெஞ்சுக்கு அவரே ஸ்பாஞ்சால் ஒற்றினார். ஃபிலிமைத் தூக்கினால் எழுத்தெல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது, ட்-இன் புள்ளியில் மட்டும் பாதிதான். “விடு தம்பி” என்று சொல்லி, சுண்டுவிரலைப் பெயிண்டில் தொட்டு மீதிப் புள்ளியை வைத்தார்.