கருப்பு ஷூ கட்டாயம்

தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பட்டமளிப்பு விழா விண்ணப்பங்கள் வந்தால் இரண்டு கட்டாகப் பிரிப்போம். நேரில் வருகிறவர்கள் ஒன்று, தபாலில் பட்டம் கேட்பவர்கள் மற்றொன்று. இரண்டாவது கட்டு வருடா வருடம் தடித்துக்கொண்டே போனது. "பசங்களுக்கு இப்பல்லாம் விழான்னா அக்கறையே இல்ல" என்று நானே சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

ஒருமுறை, முகவரி புரியாத ஒரு விண்ணப்பத்துக்காக அந்த மாணவனுக்கு போன் செய்தேன். பி.எஸ்சி. கணிதம், துறையில் இரண்டாமிடம். ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை.

"ஏம்பா, மேடையேறி வாங்கலாமே?"

"லீவு போட்டா சம்பளம் இல்ல மேடம்."

கொஞ்சம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் மீதி வந்தது. "கருப்பு ஷூ கட்டாயம்னு போட்டிருக்கீங்க. அதை வாங்கிட்டா அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரக் காசு இருக்காது."

அந்த வரியை அச்சுக்கு அனுப்பியவள் நான். போன வருட அழைப்பிதழில் இருந்தது, அப்படியே எடுத்துப் போட்டேன். அதற்குள் விழாவுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி முடிந்திருந்தது. அவன் பட்டம் பதிவுத் தபாலில் போனது. ஒப்புதல் அட்டை அவன் அப்பாவின் கைநாட்டோடு திரும்பி வந்தது.

படிக்கும்வரை கை கொடுக்க ஏற்பாடுகள் உண்டு. 2022இல் வந்த புதுமைப் பெண், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணத்தால் படிப்பை விடாமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் விழா நடக்கும்போது படிப்பு முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். உதவித்தொகை நின்றிருக்கும், பஸ் பாஸ் காலாவதியாகியிருக்கும். விழாக் கட்டணம், போக்குவரத்து, உடை, ஒரு நாள் கூலி எல்லாம் ஒன்றாக வந்து நிற்பது அப்போதுதான்.

அடுத்த வருடம் அலுவலகத்தில் ஏழு பேர் சேர்ந்து பொங்கல் போனஸிலிருந்து கொஞ்சம் ஒதுக்கினோம். கல்லூரி முதல்வரும் சேர்ந்துகொண்டார். 'வசதியற்ற மாணவர்கள் அலுவலகத்தை அணுகவும்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? பலகைக்கு முன்னால் நின்று, தன்னை வசதியற்றவன் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

பலகையைக் கைவிட்டு விண்ணப்பத்தையே மாற்றினோம். நேரில் வர எது தடை என்று எல்லோரையும் கேட்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். டிக் அடித்தவர்களை நான் போனில் கூப்பிடுவேன். கட்டண ரசீது மற்றவர்களுக்குப் போலவே இருக்கும். பஸ் காசு அவர்கள் கணக்குக்கே போய்விடும். யார் பணம் என்று ரசீது எழுதுபவருக்கும் தெரியாது. ஷூ வரியை எடுத்துவிட்டோம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பாக்கி இருந்தால் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்து, கல்லூரிப் பக்கமே வராதவர்களும் இருந்தார்கள். அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. அதன் நகலை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

விழாவுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறதே, அதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. மில்லில் இருக்கும் பெண்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுப்பு. விழாவை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று கேட்டுக் கோப்பு எழுதியிருக்கிறேன். அது முதல்வர் மேஜையில் இருக்கிறது.