இவ்ளோ பெரிய பாத்திரத்தை யாரு தேய்க்கிறது?

நேத்து சாயங்காலம் நடந்தது, எனக்கு வந்தது கோவமா சிரிப்பான்னு இன்னும் முடிவாகல.

எங்காளு தியானம் பண்ண ஆரம்பிச்ச கதைதான் உங்களுக்குத் தெரியுமே. கட்டையை வெச்சு விளிம்பைச் சுத்தினா ஙொய்ய்ய்னு பாடுற வெண்கலக் கிண்ணம் ஒண்ணு வாங்கினார், முதல் நாள் அது 5 நிமிஷம் பாடுச்சு, மீதி 40 நிமிஷம் இவர் குறட்டை விட்டார், நாலே நாள்ல அது சாவி போடுற கிண்ணமா மாறி செருப்பு ஸ்டாண்டு மேல போய் உக்காந்துருச்சு. ஏன் நாலே நாள்ல விட்டாருன்னு நான் யோசிக்கவே இல்ல பாருங்க, அதான் என் தப்பு. அப்பேர்ப்பட்டவர் கண்ணுல "தியானத்தை மனசுல வெச்சு செஞ்ச பெரிய கிண்ணச் சிற்பம்"னு ஒரு செய்தி பட்டா சும்மா விடுவாரா, அத்தை, குட்டி, நான்னு எல்லாரையும் கெளப்பிட்டார்.

போய்ப் பார்த்தா புல்தரை நடுவுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு கிண்ணம், ரெண்டு ஆள் உயரம் இருக்கும், ஆழம் கம்மி அகலம் ஜாஸ்தி, கழுவி தண்ணி வடியட்டும்னு சாய்ச்சு வெச்ச மாதிரி வாயை நம்ம பக்கம் காட்டிட்டு நிக்குது. பக்கத்துல போர்டு, மனசு அடங்கினா உள்ள நாமளே தெரிவோம்ங்கிற மாதிரி என்னமோ. அத்தை போர்டு பக்கமே போகல. முன்னாடி பின்னாடி ஒரு சுத்து சுத்தி வந்தாங்க, குனிஞ்சு அடிப்பாகத்தைப் பார்த்தாங்க, நிமிர்ந்து "ஏம்மா, இவ்ளோ பெரிய பாத்திரத்தை யாரு தேய்க்கிறது?"ன்னாங்க.

இது போதாதா எங்காளுக்கு. சிகாகோவுல அனிஷ் கபூர் செஞ்ச கிளவுட் கேட்டுன்னு ஒண்ணு இருக்கு, 168 ஸ்டீல் தகடை ஒட்டு தெரியாம ஒட்டவெச்சு இழைச்சு 2006ல முடிச்சாங்க, கிட்டத்தட்ட 100 டன் எடை, அதுல கீழ் 6 அடியை தெனம் ரெண்டு தடவை கையாலயே துடைக்கிறாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை மொத்தத்தையும் 40 கேலன் சோப்புத் திரவம் ஊத்திக் கழுவுறாங்கன்னு அடுக்கினார். அத்தை மொகத்துல அப்படி ஒரு மரியாதை வந்துச்சு. சிற்பிக்கு இல்ல, அந்தத் துடைக்கிறவங்களுக்கு. "தெனம் ரெண்டு வேளையா..."ன்னு கொஞ்ச நேரம் அமைதியா நின்னாங்க. அங்க தியானம்னு நடந்தது அது மட்டும்தான்.

அப்புறம் பாடம். தூரமா நின்னா நாம தலைகீழா தெரியுறோம், கிட்ட போகப் போக தலைகீழாவே பெருசாகுறோம், ஒரு இடம் வரும், அங்க மூஞ்சி கிண்ணம் பூரா கரைஞ்சு வெறும் கலரா பரவிடும், அதைத் தாண்டி உள்ள போனா டபக்குன்னு நேரா, மூக்கு மட்டும் பூசணிக்கா சைஸுக்கு. குட்டி இருபது தடவை முன்ன பின்ன ஓடினா. எங்காளு பின்னாடியே "அதுதான்டா வளைவு மையம், வளைவோட ஆரம் எவ்ளோவோ அவ்ளோ தூரம், அதுக்கு உள்ள வந்தா நேர் பிம்பம், வெளிய போனா தலைகீழ், ஸ்பூன்ல பார்த்திருக்கல்ல"ன்னு, கேக்க ஆள் கெடச்ச சந்தோஷத்துல ஏறக்குறைய குதிச்சுட்டு இருந்தார். நான் கழண்டு வலது ஓரமா வந்து நின்னேன். அவங்க ரெண்டு பேரும் இடது ஓரத்துல, எனக்கும் அவங்களுக்கும் நடுவுல பத்துப் பன்னெண்டு அடி.

அப்பதான் என் காதுக்குள்ளயே யாரோ பேசுற மாதிரி குட்டி குரல். "அப்பா, நம்ம பாத்ரூம் கண்ணாடியும் மூஞ்சியை ரெண்டா காட்டுதுல்ல, நீ கிண்ணத்துக் கட்டையால இடிச்சதுலேர்ந்து."

அடுத்து அவர் குரல், ரகசியமா, அட்சரம் பிசகாம: "ஷ்ஷ்! பாத்ரூம்ல எதிரொலி நல்லா வருதான்னு பார்க்கத்தான் போனேன். பாட்டி பக்கெட்டால இடிச்சுட்டாங்கன்னே அம்மா நினைச்சுட்டு இருக்கட்டும்."

ஒளிக்கு அரை மணி நேரமா சொன்ன அதே சங்கதிதான் ஒலிக்கும்னு மகானுக்குத் தோணவே இல்ல. அந்த ஓரத்துல குசுகுசுத்தா கிண்ணத்துல பட்டு இந்த ஓரத்துல வந்து சேருது. போன மாசம் இந்தக் கண்ணாடிக் கீறலுக்காக நான் இங்க பக்கம் பக்கமா புலம்பினேனே, வயசானவங்களுக்குப் பொறுமை இல்லன்னு, நீங்கல்லாம் வந்து ஆறுதல் சொன்னீங்களே, அத்தனையும் வாபஸ். மன்னிச்சிருங்க. நீங்க இல்ல, அத்தை மன்னிக்கணும்.

அத்தையைத் தேடினா, கிண்ணத்துக்கு உள்பக்கமா குனிஞ்சு குட்டி வெச்ச கைரேகையை முந்தானையால தேச்சுட்டு இருக்காங்க. பக்கத்துல போய் மெதுவா "அத்தை, அந்த பாத்ரூம் கண்ணாடி..."ன்னேன்.

திரும்பவே இல்ல. "அவன்தான். அன்னிக்கே கட்டையைக் கொண்டுபோய் ஷூவுக்குள்ள ஒளிச்சான், பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல அத்தை? நான் உங்களைப் போய்..."

"என் மேல கோவம்னா உனக்கு ராத்திரிக்குள்ள ஆறிடும். அவன் மேலன்னா ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்க மாட்டீங்க, ரூமுக்கும் ஹாலுக்கும் நான்தான் தூது போகணும். எனக்கு முட்டி வலி."

கிண்ணத்துல எங்க ரெண்டு பேர் மூஞ்சியும் பெருசா, நேரா தெரிஞ்சுது. எனக்கு என்னமோ தொண்டையை அடைச்சுது. அதுக்குள்ள செக்யூரிட்டி விசில் ஊதிக்கிட்டே ஓடி வந்தார், "பாட்டிம்மா, தொடக்கூடாது, தொடக்கூடாது!"ன்னு.

அத்தை இன்னும் ரெண்டு தேய் தேச்சுட்டுதான் நிமிர்ந்தாங்க.

"தொடலப்பா. துடைக்கிறேன்."