ஒரு கிலோ ஓம் விழுங்கிய சுருதி

சோமனூரில் எங்கள் தறிக்குடோனை ஒட்டிய அறையில், கணினியையும், மின்சுற்றுகளால் ஒலி எழுப்பும் இசைக்கருவியான அனலாக் சிந்தசைசரையும் இணைக்கும் பெட்டி ஒன்றைச் சில மாதங்களாகச் செய்துவருகிறேன். கணினி ஸ்வரத்தை எண்ணாகச் சொல்லும். சிந்தசைசருக்கு மின்னழுத்தம்தான் புரியும். ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, ஒரு வோல்ட் என்பது என் சிந்தசைசரின் கணக்கு. ஆகவே 12 ஸ்வரஸ்தானங்களில் ஒவ்வொன்றுக்கும் 83.3 மில்லிவோல்ட். சவுண்ட் கார்டிலிருந்தே இதைக் கொடுக்க முடியாதா என்றால், பெரும்பாலான கார்டுகளின் வெளியீட்டில் உள்ள கெபாசிட்டர் அசையாமல் நிற்கும் மின்னழுத்தத்தை வெளியே விடாது.

முதலில் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகையில், மின்னழுத்தத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் பிடபிள்யூஎம் முனையை, அதைச் சராசரியாக்கும் வடிகட்டி வழியாகப் பயன்படுத்தினேன். 5 வோல்ட்டை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 20 மில்லிவோல்ட். இந்த அளவுகோலில் சுருதி சேராது. அந்த 5 வோல்ட்டும் யூஎஸ்பியிலிருந்து வருவது. ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகியவுடன் அது 4.9 ஆக இறங்க, 3 வோல்ட்டில் நின்றிருந்த ஸ்வரம் 60 மில்லிவோல்ட் சரிந்தது.

எனவே எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் எம்சிபி4822 என்ற சிப்புக்கு மாறினேன். அதனுள்ளேயே 2.048 வோல்ட் ஆதார அழுத்தம் இருக்கிறது. அதை இரட்டித்து 4096 படிகளாகத் தருவதால் ஒரு படி ஒரு மில்லிவோல்ட், அதாவது 1.2 சென்ட் (அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களின் இடைவெளியில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அதன் பின்னால் டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சிப்) ஒன்றும், யாராவது கேபிளைத் தவறாகச் செருகினாலும் அது எரியாதிருக்க 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வைத்தேன். மல்டிமீட்டர் 3.000 என்று அழகாகக் காட்டியது. ஆனால் சிந்தசைசரில் மேலே போகப் போகச் சுருதி இறங்கியது. நிரலைத்தான் குற்றவாளி என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன்.

மீட்டரில் சரியாக இருப்பதை அப்பாவிடம் காட்டி அலுத்துக்கொண்டபோது, "நின்ன தறியில பாவு இழுவையப் பாத்து என்ன கண்ணு பண்றது? ஓடறப்பப் பாக்கோணும்" என்றார். சிந்தசைசரைச் செருகியபடியே அளந்தேன்: 2.970. மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், சிந்தசைசரினுடையதோ 100 கிலோ ஓம். ஆகவே என் 1 கிலோ ஓம் நூற்றில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஆக்டேவில் அது 36 சென்ட்.

ரெசிஸ்டரை எடுத்துவிட மனமில்லை. ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும் பின்னூட்டத்தை ரெசிஸ்டருக்கு அப்பாலிருந்து எடுத்து, நீண்ட கேபிளால் அலைவு வராதபடி சிறு கெபாசிட்டர் ஒன்றையும் சேர்த்தேன். இப்போது செருகியிருந்தாலும் 3.000 காட்டுகிறது.