வாடை முடியட்டும்

“ஐயா, இந்த வாடைக் காற்று முடியட்டும். பிறகு பார்ப்பம்.”

2014 செப்டெம்பரில் முதலாளியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். லண்டனிலிருந்து வாரம் ஒரு தொன் சூரை கேட்டிருந்தார்கள். அதுவரை நாங்கள் டுபாய்க்கு மட்டுமே அனுப்பினோம். திருகோணமலை கொட்பேயில் பலநாள் படகுகள் இறக்கும் மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, இரவோடிரவாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு விடுவோம். இருந்தது ஒரேயொரு கூளர் லொறி. வாடை அடிக்கும் மார்கழிக் கடலில் டுபாய்க்காரருக்கே சொன்ன அளவு கொடுக்க முடியாது. புதிய ஆளிடம் முதல் மாதமே வாக்குத் தவறினால் அவர் பிறகு நம்மைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அந்தக் கணக்கு பிழையென்று இப்போதும் தோன்றவில்லை.

ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. லண்டனும் அப்போது அதற்குள்தான். 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு போதாதாம். முதலாளி வந்தவர் போனவரிடமெல்லாம், “தம்பிக்கு முதலே விளங்கியிருக்கு” என்றார். நான் மறுக்கவில்லை. 2012 நவம்பரிலேயே ஒன்றியம் எச்சரித்திருந்தது. ஏற்றுமதி பார்ப்பவன் வாசித்திருக்க வேண்டிய விஷயம். நான் வாசிக்கவில்லை. காற்றுக்குப் பயந்து சொன்னதற்குக் கிடைத்த பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதே ஜனவரியில்தான் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனம் கனடாவை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. 2013இல் நுழைந்து ஒரே வருடத்தில் 124 கடைகள் திறந்தார்கள். தட்டுகளை நிரப்பச் சாமான் வந்து சேரவில்லை. அந்தச் செய்தியை வெட்டி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். அவசரப்பட்டால் இப்படித்தான் என்று காட்ட. (ஒரு லொறிக்காரனுக்கு டார்கெட் உதாரணம்!)

2016 ஜூனில் தடை நீங்கியது. “இப்ப என்ன செய்வம் தம்பி?” என்றார் முதலாளி.

“திரும்பவும் தடை போட்டால்? ஒரு வருசம் பார்ப்பம் ஐயா.”

அப்போது கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இரண்டாவது லொறியும் வாங்கியாயிற்று. ஆகவே காரணம் கடலுமில்லை, லொறியுமில்லை. நிதானமானவன் என்ற பெயர்தான் பேசியதோ? அப்படியும் முழுதாகச் சொல்ல முடியாது. படகுக்காரர்கள் எல்லோரும் கண்காணிப்புக் கருவியை ஒழுங்காகப் போட்டு ஓடுவார்கள் என்று நான் எப்படி நம்புவது?

அந்த லண்டன்காரர் நீர்கொழும்பில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் அதில் உழைத்தார்களா, நட்டப்பட்டார்களா என்று நான் விசாரிக்கவேயில்லை.

போன மாதம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி, கோபமே இல்லாமல் கேட்டார்: “அப்ப ஒரு நூறு கிலோ எண்டாலும் விட்டுப் பார்த்திருக்கலாம், என்ன தம்பி?”

“ஓம் ஐயா” என்றேன். நூறு கிலோ என்ற எண்ணம் அன்று எனக்கு வரவே இல்லை.